பத்தாயத்தோடு ஒரு வாடகை வீடு

மூணாவது குடித்தனமும் வீட்டை ஒழிஞ்சு தாறேண்ணு சொன்னப்போ எனக்கு முதல்ல கோவம்தான் வந்துது. சங்கடம் எல்லாம் பொறவுதான். ரெண்டு வருஷத்துல மூணு குடித்தனம்! ஓடு மாத்தின வீடு. வத்தாத கிணறு. வாசல்ல நிண்ணா வடசேரிச் சந்தையில வெண்டைக்காய்க்கு விலை சொல்லுகது காதுல விழும், அவ்வளவு பக்கம். வாடகையும் ஊருல நடக்கதுக்கு மேல ஒரு சக்கரக் காசு நான் கேட்டதில்ல. பின்னே ஏன் ஒருத்தரும் நிலைக்க மாட்டேங்காவ? எனக்கு அது தெரிஞ்சே ஆகணும். சின்ன வயசுல இருந்தே நான் அப்படித்தான். ஒரு காரியம் ஏண்ணு தெரியல்லண்ணா சோறு எறங்காது.

நான் ஆருண்ணு சொல்லல்ல பாருங்க. பேரு சண்முகவடிவு. ஒழுகினசேரியில அண்ணன் நாராயணபெருமாள் வீட்டுல இருக்கேன். என்னைக் கட்டினவரு போய்ச் சேந்து பன்னெண்டு வருஷம் ஆயிட்டு. அப்போ ஒரு டிரங்குப் பெட்டியோட அண்ணன் வீட்டுக்கு வந்தவ, பின்கட்டு முறியில இருக்கேன். குடும்பச் சொத்தைப் பாகம் வச்சப்போ வயலெல்லாம் அண்ணன் பேருக்குப் போச்சு. எனக்குண்ணு எழுதினது வடசேரி வீடு ஒண்ணுதான். அதுபோக வருஷத்துல ரெண்டு போகம், கன்னிப்பூ அறுத்தா கொஞ்சம், கும்பப்பூ அறுத்தா கொஞ்சம், அண்ணன் நெல்லு அளந்து தருவாரு.

பொம்பளைக்கு வீடு வாடகைக்கு விடத் தெரியாதுங்கது அண்ணனுக்க கட்சி. ரெண்டாவது குடித்தனம் போனதுமே ஆரம்பிச்சுட்டாரு. வீடு பூட்டிக் கிடந்தா கரையான் தின்னும், அதை எனக்கு எழுதித் தா, பதிலுக்கு உன் ஆயுசு முழுக்க நெல்லு கூடுதலா அளக்கேண்ணு. எனக்கு வந்த கோவத்துல, "வாற சித்திரை ஒண்ணாம் தேதி அந்த வீடு ஆளில்லாம கிடந்தா எழுதித் தாறேன், போங்க"ண்ணு சொல்லிப்போட்டேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு. அண்ணன் சும்மா விடுவாரா? மறு வாரமே ஆதாரம் எழுதுகவரைக் கூப்பிட்டுப் பத்திரத்தை எழுதி வாங்கி, அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

அது கொல்லம் ஆயிரத்து நூத்தி இருபத்தாறு, இங்கிலீஷ் வருஷத்துக்கு அம்பத்தொண்ணு. பங்குனி பொறந்து நாலாம் நாள் ஜெபகுமாரி டீச்சர் வந்து, மாசக் கடைசியில ஒழியுகோம் அக்காண்ணு சொன்னா. என் கையில இருந்தது இருபத்தாறு நாளு. அந்த வீடு போயிட்டா எனக்குண்ணு இந்த உலகத்துல ஒரு வாசப்படி கிடையாது.

வீட்டைப் பத்திச் சொல்லணும். முன்னால ஒரு பெரிய முறி, பின்னால அடுக்களை, நடுவுல வெளிச்சம் கொறஞ்ச ஒரு உள்முறி, அதை அரங்குண்ணு சொல்லுவோம். அந்த அரங்குல ஒரு பத்தாயம் உண்டு. அயனிப் பலகையில செஞ்ச நெல்லுப்பெட்டி. ஒரு ஆளு உள்ள நிண்ணா தலை மட்டும்தான் வெளிய தெரியும், அவ்வளவு ஒசரம். வீடு கட்டும்போதே உள்ள வச்சுக் கட்டினது. எந்த வாசல் வழியும் வெளிய வராது. வீட்டை வாடகைக்கு விட்டா அதை எங்க கொண்டு போக? அதனால வீடு அவியளுக்கு, பத்தாயம் எனக்குண்ணு பேசித்தான் விட்டேன். அண்ணன் அளக்குத நெல்லை அதுல போட்டு வைப்பேன். அண்ணன் வீட்டுப் பத்தாயத்துல போட்டா அது அண்ணன் நெல்லோட நெல்லாப் போயிரும். எனக்கு அது பிடிக்காது.

திங்கக்கிழமை தோறும் ஒரு ஓலைக் கடவத்தை எடுத்துட்டுப் போவேன். பத்தாயத்துக்கு அடியில ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து, அவிக்கதுக்கு வேண்டிய நெல்லை மரக்கால்ல அளந்து எடுத்துக்கிட்டு வருவேன். வெள்ளிக்கிழமை குளிச்சுட்டுப் போயி, மேல் பலகையைத் திறந்து, நெல்லைக் கையால நிரவி, அது மேல சாம்பலால குறி போடுவேன். குறுக்கே ஒரு வரி, நெடுக்கே ஒரு வரி, நாலு மூலையிலயும் ஒரு பொட்டு. எங்க அம்மை அப்படித்தான் போடுவா. நெத்தியில திருநீறு பூசுகது மாதிரி, நெல்லுக்கும் பூசுகது. ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில நிக்குத காலம். நெல்லு கிடக்குத வீட்டுல குடியிருக்கக் குடுத்து வச்சிருக்கணும்ணுதான் நான் நினைச்சேன்.

முதல்ல வந்தது ஐயப்பன். ரெஜிஸ்தர் கச்சேரியில குமஸ்தா. அவனுக்க பெண்டாட்டி முத்துக்கனி வாய் திறந்து பேச மாட்டா. அஞ்சே மாசம். கிணத்துத் தண்ணியில பருப்பு வேகமாட்டேங்குண்ணு சொல்லிட்டுப் போயிட்டாவ. அவிய போன மறுநாள் நான் அந்த அடுக்களையிலேயே அடுப்பு மூட்டி, அந்தத் தண்ணியிலேயே துவரம்பருப்பு போட்டு, முன்னால குத்த வச்சிருந்து பாத்தேன். நான் ஒரு தேங்காய் துருவி முடிக்கதுக்குள்ள வெந்து குழைஞ்சுட்டு. பின்னே எதுக்கு அந்தப் பொய்?

அடுத்தது செய்யது அலி. கோட்டாறுக்காரரு, ஜவுளிக்கடை. பெண்டாட்டி ஹமீதா பீவி சிரிச்ச முகம், கையில எப்பவும் ஒரு பிள்ளை. துலுக்கக் குடித்தனத்தை வைக்கியாண்ணு அண்ணன் சாடுனாரு. ஒங்க வீட்டுலயா வைக்கேன்ணு நானும் திருப்பிக் கேட்டேன். அவிய எட்டு மாசம் இருந்தாவ. போகும்போது, அடுக்களையில புகை நிக்குது, பிள்ளைக்கு இருமல்ண்ணு சொன்னாவ. நான் ஈரத் தென்னமட்டையாப் பாத்துப் பொறுக்கி அடுப்புல வச்சு ஊதினேன். என் கண்ணு எரியதுக்கு முன்னால புகை கூரை வழி வெளிய போயிட்டு. இதுவும் பொய்.

இப்போ ஜெபகுமாரி. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். மாப்பிள்ளை ஜேசுதாசுக்கு மலையில ரப்பர் எஸ்டேட்டுல வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவை வருவான். ஆறு வயசுல ஒரு பெண்பிள்ளை. பள்ளிக்கூடம் தூரமாட்டு இருக்கு அக்காண்ணு காரணம் சொன்னா. நான் விடுவேனா? மறுநாள் காலத்தே அவளுக்குத் தெரியாம பின்னாலேயே நடந்து போனேன். அவ மணி அடிக்கதுக்கு முன்னாலேயே போய்ச் சேந்து, வெளிய எலந்தப்பழம் விக்கவகிட்ட பேச்சும் குடுத்துட்டு, ஆடி அசைஞ்சு உள்ள போனா. தூரமாம் தூரம்!

மூணு பேரு, மூணு பொய். படிச்சவ, படிக்காதவ, கச்சேரிக்காரன், கடைக்காரரு, எல்லாரும் ஏன் ஒருபோல பொய் சொல்லணும்? அண்ணன் ஒரு ஆசாரியைக் கூட்டிட்டு வந்து காட்டினாரு. வாசல் நிக்குத இடம் சரியில்ல, குடியிருக்கவங்களை வெளிய தள்ளும்ணு ஆசாரி சொன்னாரு. எங்க அப்பா அம்மை நாப்பது வருஷம் அந்த வாசல் வழிதானே போனாவ வந்தாவ, அவியளை ஏன் தள்ளல்லண்ணு கேட்டேன். ஆசாரி முழக்கோலை மடக்கிட்டாரு. எனக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. குடியிருக்கவ இருக்குத வரைக்கும் உண்மையைச் சொல்ல மாட்டா. போனவ சொன்னாலும் சொல்லுவா. அடுத்த வெள்ளிக்கிழமை குறி போட்டுட்டு, நேரா கோட்டாறுக்கு நடந்தேன்.

ஹமீதா என்னைக் கண்டதும் முதல்ல பயந்தா. பொறவு பாயை விரிச்சு, தேயிலை போட்டுத் தந்தா. அண்ணனுக்குத் தெரிஞ்சா அதுக்கு ஒரு சண்டை உண்டு, நான் ஊதி ஊதிக் குடிச்சேன். பிள்ளைக்க இருமல் எப்படி இருக்குண்ணு கேட்டேன். எந்த இருமல்ண்ணு கேட்டுட்டு, சட்டுண்ணு நாக்கைக் கடிச்சா. நான் தேயிலைப் பாத்திரத்தைக் கீழ வச்சேன். மூணாவது குடித்தனமும் போறதையும், அண்ணன் எழுதி வச்சிருக்க பத்திரத்தையும், சித்திரை ஒண்ணையும் ஒளிக்காம சொன்னேன். அவ தலை குனிஞ்சே கேட்டுட்டு இருந்தா.

"அக்கா, நெசமாத்தான் கேக்கியளா?"

"பின்னே இந்த வெயில்ல நடந்து விளையாடவா வந்தேன்?"

"கோவப்படக் கூடாது."

படமாட்டேண்ணு சொன்னேன். அது நான் சொன்ன பொய்.

வீட்டுல ஒரு குத்தமும் இல்ல, வெள்ளிக்கிழமைதான் குத்தம்ணு அவ ஆரம்பிச்சா. வந்த புதுசுல ஒண்ணும் தோணல்லியாம். ஒரு வெள்ளிக்கிழமை நான் பலகையைத் திறந்தப்போ, சாம்பல் குறி பாதி கலைஞ்சு கிடந்துதாம். நான் அதைப் பாத்து "ம்"ண்ணு ஒரு சத்தம் போட்டேனாம். பொறவு நெல்லை நிரவிப் புதுக்குறி போட்டு, பலகையை மூடிப் பூட்டினேனாம். போற போக்குல அவளைத் திரும்பிப் பாத்து, பிள்ளைய எல்லாம் நல்லா இருக்காண்ணு கேட்டேனாம். அண்ணைக்கு அவளுக்க மாப்பிள்ளை சோத்துல கை வைக்கல்ல. அடுத்த வெள்ளியும் குறி கலைஞ்சிருந்துது. நான் அடுத்த வெள்ளியும் "ம்"ண்ணேன்.

"கள்ளிண்ணு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் நாலு வார்த்தை பேசித் தீத்திருப்பேன் அக்கா. நீங்க சொல்லல்லியே. பிள்ளைய நல்லா இருக்காண்ணுல்லா கேட்டியோ. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

எனக்குக் காது ரெண்டும் சூடாயிட்டு. நான் ஒன்னை ஒருநாளும் அப்படி நினைச்சதில்லட்டிண்ணு சொன்னேன். அது சத்தியம். எலி வேலையா இருக்கும்ணுதான் "ம்"ண்ணேன், பிள்ளைகளைக் கேட்டது பிள்ளைகளைத்தான். ஆனா, நினைக்காட்டா பின்னே குறி எதுக்குண்ணு அவ திருப்பிக் கேட்டா. களத்துல நெல்லுப் பொலி மேல சாம்பல் குறி போடுகது எதுக்குண்ணு நாஞ்சில் நாட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆளில்லாத நேரம் எவனாவது கை வச்சா காட்டிக் குடுக்கதுக்கு. எங்க அம்மை அதை வீட்டுக்குள்ள போடும்போது திருநீறு மாதிரிண்ணு சொல்லிக் குடுத்தா. அவ அவளுக்க சொந்த வீட்டுல போட்டா. நான் போட்டது இன்னொருத்தி குடியிருக்குத வீட்டுல. இந்த வித்தியாசம் என் மண்டையில ஏறவே இல்ல.

திரும்பி வாற வழியெல்லாம் எனக்கே என்மேல அப்படி ஒரு வெறுப்பு. வாய் திறக்காத முத்துக்கனி எத்தனை வெள்ளிக்கிழமை அந்த அடுக்களையில நிண்ணு நடுங்கியிருப்பாளோ. ஆனா பாதி வழி வந்தப்போ பழைய கொணம் மறுபடியும் பிறாண்ட ஆரம்பிச்சுது. ஹமீதா எடுக்கல்ல. அவ எடுக்கவ இல்ல, எனக்குத் தெரியும். முத்துக்கனியும் எடுக்கல்ல. மேல் பலகைக்கும் அடிக்கதவுக்கும் பூட்டு உண்டு, சாவி என் இடுப்புல. எலிண்ணு நினைச்சாலும், அது போக ஒரு ஓட்டையும் கிடையாது. பின்னே குறி எப்படிக் கலையும்?

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. காலத்தேயே வடசேரிக்குப் போனேன். டீச்சர் முற்றத்துல துணி அலசிட்டு இருந்தா. நான் சுத்தி வளைக்காம, குறிதானே காரணம்ணு கேட்டேன். அவ பிழிஞ்ச துணியைக் கொடியில போட்டா. பொறவு பைய சொன்னா. வெள்ளிக்கிழமை நான் குறி போட்டுட்டுப் போன பொறவு பிள்ளையை அரங்குப் பக்கமே விடமாட்டாளாம். அடுத்த வெள்ளி நான் வந்து பாக்குதது வரைக்கும் அரங்கு வாசல்ல பாயைச் சுருட்டிக் குறுக்கே வச்சிருப்பாளாம். அப்படியும் குறி கலைஞ்சிருக்கும். பிள்ளை எப்படியோ உள்ள போயி பத்தாயத்து மேல ஏறிக் குதிச்சிருக்கும்ணு ஒருநாள் அதைப் போட்டு அடிச்சுட்டாளாம். பிள்ளை நான் போகல்ல, நான் போகல்லண்ணு கத்திச்சாம். அண்ணைக்குத்தான் வீட்டை ஒழியணும்ணு முடிவு பண்ணினாளாம்.

"எனக்கும் பாக்கணும் டீச்சர், இது ஆருக்க வேலைண்ணு. வாங்க"ண்ணு கூப்பிட்டேன்.

ரெண்டு பேருமா மேல் பலகையைத் திறந்தோம். நேத்துப் போட்ட குறி அப்படியே முழுசா இருந்துது. இடுப்பளவு நெல்லு. டீச்சர் ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, நீங்க எண்ணைக்கெல்லாம் நெல்லு எடுப்பியண்ணு கேட்டா. திங்கக்கிழமை, ஆனா அடியில இருந்துல்லாண்ணு சொன்னேன். அவ உள்ள போயி பிள்ளை விளையாடுத குன்னிமுத்துல, அதான் குண்டுமணியில, ஒரு பிடி அள்ளிட்டு வந்தா. செக்கச் செவேர்ண்ணு அதைக் குறி மேல வரிசையா வச்சுட்டு, இப்போ அடியில எடுங்கண்ணு சொன்னா.

நான் அடிக்கதவைத் திறந்து கடவத்தை வச்சேன். ஒரு மரக்கால் எடுத்துட்டு எந்திரிச்சுப் பாத்தா, குறிக்கு நடுவுல நெல்லு லேசாக் குழிஞ்சிருக்கு. ரெண்டாவது மரக்கால்ல குறுக்கு வரி ஒடிஞ்சுட்டு. மூணாவதுல குன்னிமுத்து ஒவ்வொண்ணா குழிக்குள்ள உருண்டு போகு.  அஞ்சாவது மரக்கால் அளக்கும்போது பிள்ளை கத்திச்சு. கடவத்துல, நெல்லோட நெல்லா, ஒரு குன்னிமுத்து.

அடியில எடுத்தா அடியில உள்ளதுதான் வரும்ணு நான் நாப்பத்தஞ்சு வருஷமா நினைச்சுட்டு இருந்திருக்கேன். அது நடுவழியா மேல உள்ளதை இழுத்துட்டுல்லா வருகு! திங்கக்கிழமை நானே கீழ நிண்ணு வாரியிருக்கேன். வெள்ளிக்கிழமை நானே மேல நிண்ணு "ம்"ண்ணு சொல்லியிருக்கேன். டீச்சர் முதல்ல சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுட்டு அவ பிள்ளையை இழுத்து மடியில வச்சுக்கிட்டு, அதுக்க முதுகைத் தடவிக்கிட்டே அழுதா. எனக்கு அந்தப் பிள்ளைக்க முகத்தைப் பாக்க முடியல்ல.

கள்ளி ஆருண்ணு தெரிஞ்சுட்டே, இனி இருக்கலாமேண்ணு கேட்டேன். இனிமே குறியே போட மாட்டேண்ணும் சொன்னேன். அது இன்னும் மோசம், கொறஞ்சுதா இல்லியாண்ணு சொல்ல ஒரு சாட்சிகூட இருக்காதுண்ணு டீச்சர் சொன்னா. சரி, சாவியை நீயே வச்சுக்கோண்ணு இடுப்புல இருந்து எடுத்து நீட்டினேன். அவ கையைப் பின்னால கட்டிக்கிட்டா.

"சாவி எங்கிட்ட இருந்தா, கேள்வியும் எங்கிட்டதான் வரும் அக்கா. பாதி நாளு மரச்சீனிக் கிழங்கை அவிச்சுத் தின்னுட்டு, ஒங்க நெல்லுக்குக் காவல் இருக்கோம். காவல் இருக்கவனுக்குக் கூலி உண்டு. நாங்க வாடகைல்லா தாறோம்."

படிச்ச பிள்ளைக்க வாய்! எனக்குச் சுருக்குண்ணுதான் இருந்துது.  கடவத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

ரெண்டு நாளு தூக்கம் பிடிக்கல்ல. பத்தாயத்தை ஒருநாளும் துடைச்சுக் காலி பண்ணாதேண்ணு அம்மை சாகும்போதுகூடச் சொன்னா. நெல்லை எடுத்தா எங்க வைக்க? அண்ணன் பத்தாயத்துல போட்டா அண்ணன் நெல்லு. எடுக்காட்டா சித்திரை ஒண்ணு, அப்போ வீடே அண்ணனுக்கு. மூணாம் நாள் எந்திரிச்சேன். ஒரு மாட்டு வண்டி பிடிச்சு, சாக்குச் சாக்காக் கெட்டி, மொத்த நெல்லையும் ஒழுகினசேரியில நான் படுக்குத பின்கட்டு முறிக்கே கொண்டு வந்து அடுக்கிட்டேன். பாய் விரிக்க மட்டும்தான் இடம் மிச்சம். கடைசியில ஒரு பிடி நெல்லை பத்தாயத்து மூலையில ஐசுவரியத்துக்குப் போட்டு வைக்கட்டாண்ணு டீச்சர்கிட்ட கேட்டேன். ஒரு மணி நெல்லுகூட வேண்டாம் அக்காண்ணு சொல்லிட்டு, உள்ள எறங்கி அவளே தூத்து வாரினா.

அதோட முடிஞ்சுதுண்ணு நினைச்சேன். இல்ல. வாடகைச் சீட்டைப் புதுசா எழுதணும்ணு ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தா. எழுத்தெல்லாம் முத்து மாதிரி. வாடகை, ஓடு உடைஞ்சா மாத்துகது, கிணறு தூர் வாருகது எல்லாம் எழுதியிருந்தா. எல்லாத்துக்கும் கீழ இன்னொண்ணு. வீட்டுக்காரி வந்தால் வாசலில் நின்று கூப்பிட வேண்டும், உள்ளே இருந்து மறுமொழி வந்த பிறகே படி ஏற வேண்டும்ணு.

அதைப் படிச்சதும் எனக்கு ரெத்தம் தலைக்கு ஏறிச்சு. நான் பொறந்த வீடு. எங்க அப்பா கல்லு சுமந்து கட்டின வீடு. அந்த வாசல்ல நான் பிச்சைக்காரி மாதிரி நிண்ணு கூப்பிடணுமா? காகிதத்தை அவளுக்க மேலேயே எறிஞ்சுட்டு எந்திரிச்சேன். அவ குனிஞ்சு எடுத்து, தூசி தட்டி, மறுபடியும் நீட்டினா.

"நீங்க வருவியோண்ணு பயந்துக்கிட்டே ஒரு வீட்டுல இருக்க முடியாது அக்கா. நீங்க வரணும்ணு நினைக்கேன். அதுக்குத்தான் கேக்கேன்."

 அவ சொன்னது எனக்குத் தெரியாத சங்கதி இல்ல, அதான் என்னைப் பிடிச்சு நிறுத்திச்சு. எங்க இருந்து தெரியும்ணு மட்டும் அப்போ பிடி கிடைக்கல்ல. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

சித்திரை ஒண்ணு. காலத்தே கனி கண்டாச்சு, அண்ணன் எல்லாருக்கும் கைநீட்டக் காசு குடுத்தாச்சு. பலகாரம் தின்னு முடிச்ச கையோட அலமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துட்டு வந்தாரு. மைனி, அதாவது அண்ணன் பெண்டாட்டி சொர்ணம்மாள், மசி, பேனா எல்லாம் கொண்டு வந்து வச்சா. டீச்சர் ஒழியப் போறாண்ணு கேட்டதோட அவிய இருக்காவ. வண்டியில நெல்லு வந்தப்போகூட, வீட்டைத் தரத்தான் காலி பண்ணுகேண்ணு நினைச்சிருப்பாவ போல. நான் டீச்சர் எழுதின வாடகைச் சீட்டை அண்ணன் கையில குடுத்தேன். மூணு வருஷத்துக்கு.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுட்டு முதல்ல இருந்து படிச்சாரு. முகம் சுருங்கிட்டே வந்துது. கடைசி வரிக்கு வந்ததும் மலர்ந்துட்டு. அதை மைனிக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினாரு. மைனி வாயைப் பொத்திச் சிரிச்சா.

"ஒனக்க வீட்டு வாசல்ல நீயே நிண்ணு கூப்பிடணுமாட்டி? அப்படி ஒரு வீடு எதுக்கு? வெக்கமா இல்லியா ஒனக்கு?"ண்ணு அண்ணன் கேட்டாரு.

எனக்குக் கோவம் வரும்ணுதான் நானும் நினைச்சேன். வரல்ல.  டீச்சர்கிட்ட கையெழுத்துப் போட்டப்போ பிடி கிடைக்காதது அப்போ கிடைச்சுட்டு.

"அண்ணே, இந்த வீட்டுல எனக்கு ஒரு முறி தந்திருக்கிய. நான் குத்தம் சொல்லல்ல. ஆனா இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒருத்தரும் ஒருநாளும் வெளிய நிண்ணு என்னைக் கூப்பிட்டதில்ல. சேலை மாத்தும்போதும் வருவாவ. நான் அழுதுட்டு இருக்கும்போதும் வருவாவ. எனக்க பெட்டியில என்ன இருக்குண்ணு என்னைவிட இந்த வீட்டுக்குத் தெரியும். அந்த டீச்சருக்கு நான் குடுத்தது, எனக்குக் கிடைக்காதது. வெக்கமா இல்லியாண்ணா கேக்கிய? இல்ல."

அண்ணன் கண்ணாடியைக் கழத்தினாரு.  பத்திரத்தை நாலா மடிச்சு, அலமாரிக்குக் கொண்டு போகாம, சட்டைப் பையிலேயே வச்சுக்கிட்டு வயலுக்கு எறங்கிப் போனாரு. மைனி மசிக்குப்பியை எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போனா. 

மறுநாள் மத்தியானம் நான் நெல்லுச் சாக்குல சாஞ்சு, கண்ணை மூடிக் கிடந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்துது. வெளிய வளையல் சத்தம் கேட்டுது, மைனிதான். எப்பவும் போல தள்ளிட்டு வருவாண்ணு நினைச்சு எந்திரிச்சு மாராப்பைச் சரி பண்ணினேன். கதவு அசையல்ல. வெளிய நிண்ணு அவ ஒருதடவை இருமினா. பொறவு, அவளுக்கே பழக்கம் இல்லாத ஒரு கொரல்ல, "சண்முகவடிவு, உள்ள வரட்டா?"ண்ணு கேட்டா.

வாருங்க மைனிண்ணு சொன்னேன். பன்னெண்டு வருஷத்துல அந்தச் சொல்லை அந்த வீட்டுல நான் ஒருதடவைகூடச் சொன்னதில்ல.